உண்ணும் அறமும் உடனுண்ணும் அறமும்

உணவு வயிற்றோடு முடிந்துவிடும் செய்தியன்று. ஒருவன் எதை உண்கிறான் என்று கேட்டால் அவன் உடலைப் பற்றி ஓரளவு அறியலாம். எதை உண்ண மறுக்கிறான் என்று கேட்டால் அவன் உள்ளத்தைப் பற்றி அறியலாம். யாரோடு உண்ண மறுக்கிறான் என்று கேட்டாலோ, அவனை வளர்த்த சமுதாயத்தையே அறிந்துவிடலாம்.

வள்ளுவப் பெருந்தகை 'விருந்தோம்ப'லை இல்லறவியலில் வைத்தார். 'புலால் மறுத்த'லையும் 'கொல்லாமை'யையும் துறவறவியலில் வைத்தார். இலையில் எது இருத்தலாகாது என்பது ஒன்று. இலையின் முன் யாரை அமர்த்த வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் அறமே. ஆனால் இவ்விரண்டு அறங்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் வேளையில் மனிதன் எதன் பக்கம் நிற்பது? நெடுநாளாக நூலில் மட்டுமே கண்டிருந்த இவ்வினாவை, ஒரு குளிர்காலத்தில் இலண்டன் மாநகரின் வடமேற்குப் பகுதியில் என் வாழ்க்கையிலேயே நான் எதிர்கொள்ள நேர்ந்தது. அதைப் பற்றிய சில எண்ணங்களை ஈண்டு வாசகர்முன் வைக்க விழைகிறேன்.

நான் இரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். சைவக் குடும்பத்தில் வளர்ந்தவன். எங்கள் லயத்தின் பின்னால் பாட்டனாருக்கு இரண்டு பசுக்கள் இருந்தன. ஒருமுறை கன்று இறந்துபோயிற்று. பாட்டனார் அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோலை அடைத்து, பசுவின் முன் நிறுத்தினார். பசு அதை நக்கியது, பால் சுரந்தது, பாட்டனார் கறந்தார். அந்தப் பாலைத்தான் அன்று மாலை நானும் அருந்தினேன். நாற்பது வயதைக் கடந்தபின் ஒருநாள் அக்காட்சி எவ்விதக் காரணமுமின்றி மனத்தில் எழுந்து நின்றது. அன்றோடு பாலை விட்டேன். பின்னர்த் தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விட்டேன். இவ்வுணவுமுறையை இந்நாளில் 'நனிசைவம்' என்று அழகிய தமிழில் வழங்குகின்றனர். 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டோனல்ட் வாட்சன் என்பாரும் அவர்தம் நண்பர் சிலரும் கூடி, பாலையும் முட்டையையும் விலக்கும் சைவர்க்கெனத் தனிச் சங்கம் அமைத்து, அதற்குப் புதுப்பெயரும் சூட்டினர். அவர்கள் பெயர் சூட்டிய நாட்டிற்கே என் மகள் பணியின் பொருட்டுச் சென்று, கோல்டர்ஸ் கிரீன் என்னும் பகுதியில் வாடகை வீடொன்றில் குடியிருந்தாள். பள்ளி ஆண்டிறுதி விடுமுறையில் நானும் என் துணைவியாரும் அங்கே சென்றிருந்தோம்.

கோல்டர்ஸ் கிரீன் யூதப் பெருமக்கள் நிறைந்து வாழும் பகுதி. கடைத்தெருவில் ரொட்டிக்கடை, உணவகம், மளிகைக்கடை என எதைப் பார்த்தாலும், அவர்தம் உணவுச் சட்டத்திற்கு உகந்தது என்பதற்கான சான்றிதழ் தொங்கும். உகந்த உணவைக் 'கோஷர்' என்பர். ஹலால் முத்திரையைப் பார்த்துப் பழகிய மலேசியக் கண்களுக்கு இஃது ஒன்றும் புதுமையன்று. ஆயினும் இச்சட்டத்தின் நுணுக்கம் தனித்தன்மை உடையது. அசைபோடுவதும் குளம்பு பிளந்ததுமான விலங்கே உண்ணத்தக்கது. செதிலும் துடுப்பும் உடைய மீனே உண்ணத்தக்கது. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலேயே சமைக்கலாகாது என்னும் தடை, யாத்திராகமத்தில் இருமுறையும் உபாகமத்தில் ஒருமுறையும் வருகிறது. அத்தடையை அடித்தளமாகக் கொண்டு, இறைச்சியும் பாலும் ஒருபோதும் கலவாதவாறு அவர்கள் ஒரு பெருமாளிகையையே கட்டியெழுப்பியிருக்கின்றனர். இறைச்சிக்குத் தனிப் பாத்திரம், பாலுக்குத் தனிப் பாத்திரம். இறைச்சி உண்டபின் பால் அருந்தச் சிலர் ஆறு மணி நேரமும், சிலர் மூன்று மணி நேரமும் காத்திருப்பர்.

இறைச்சியும் பாலும் கலவாத உணவைப் 'பார்வே' என்பர். இச்சொல்லைக் கற்றுக்கொண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பயணம் செய்யும் நனிசைவன் படும் பாடு பலரும் அறிந்ததே. ஒவ்வொரு பொட்டலத்தையும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க வேண்டும். படித்தும் பாதி விளங்காது. இங்கோ, எனக்காக யாரோ விழித்திருந்து காவல் காப்பதுபோல் அச்சிறு சொல் பொட்டலத்தின் மூலையில் நின்றது. கீரையிலும் பூக்கோசிலும் ஒரு சிறு பூச்சிகூட இருத்தலாகாது என்று வெளிச்சத்தில் பிடித்து ஆராயும் அவர்தம் வழக்கமும் எனக்கு உவப்பாயிருந்தது.

ஆயினும் அம்மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. முட்டையும் பார்வேதான், மீனும் பார்வேதான், தேனும் அவ்வாறே. சில இனிப்புகளைக் கெட்டியாக்கும் ஜெலட்டின் மீனிலிருந்து எடுக்கப்பட்டதாகவும் இருக்கலாம். பொட்டலத்தில் 'பி' என்னும் எழுத்தைக் கண்டால் அது பார்வேயைக் குறிப்பதாக எண்ணி ஏமாறுதல் கூடாது; அது பாஸ்கா பண்டிகைக்கு உகந்தது என்பதன் அடையாளம். இன்னொரு விந்தையும் உண்டு. பால் சிறிதும் கலவாத இனிப்பு வேண்டுமென்றால் இறைச்சி உணவகத்திற்குள்தான் நுழைய வேண்டும். ஏனெனில் அங்கேதான் பால் அடியோடு விலக்கப்பட்டிருக்கும். சைவன் தன் இனிப்பைத் தேடி இறைச்சிக் கூடத்திற்குச் செல்லும் விந்தையை எண்ணி நானும் மகளும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியபின் ஓர் உண்மை விளங்கிற்று. பிறர் தம் நோக்கத்திற்காக இயற்றிய விதி நமக்கு உதவலாம். நம் நோக்கத்தை முழுவதும் நிறைவேற்றித் தராது. அடுத்த வீட்டுக்காரர் தம் தோட்டத்திற்குப் போட்ட வேலி நம் தோட்டத்தின் ஒரு பக்கத்தைக் காக்கும். மற்ற மூன்று பக்கங்களை நாம்தான் காத்துக்கொள்ள வேண்டும். அறநெறியில் இரவல் சட்டத்தை நம்பிக் கண்ணை மூடிக்கொள்வதற்கு இடமில்லை.

நிற்க. நனிசைவர் பலரிடம் ஒரு செருக்கு உண்டு. என்னிடமும் இருந்தது. "அவர்கள் விதிக்கு அஞ்சி விலக்குகிறார்கள், நான் உயிர்க்கு இரங்கி விலக்குகிறேன். ஆகவே என் விலக்கு உயர்ந்தது" என்பதே அச்செருக்கு. ஆராய்ந்து பார்க்கையில் அது நிற்கவில்லை. ஆதியாகமத்தின் தொடக்கத்தில் மனிதனுக்கு அளிக்கப்பட்ட உணவு செடிகொடிகளும் கனிகளுமே. பெருவெள்ளத்திற்குப் பின்னரே இறைச்சி அனுமதிக்கப்பட்டது. தாய் விலங்கையும் அதன் குட்டியையும் ஒரே நாளில் அறுக்கலாகாது என்பது லேவியராகமச் சட்டம். அச்சட்டத்தின் காரணத்தை ஆராய்ந்த பேரறிஞர் மைமோனிடிஸ் (1138–1204), குட்டியின்பால் தாய் கொள்ளும் பாசத்தில் விலங்குக்கும் மனிதனுக்கும் வேறுபாடில்லை என்று கருதினார். 1921இல் பாலஸ்தீனத்தின் முதல் அஷ்கெனாசித் தலைமை ரபியாகப் பொறுப்பேற்ற ஆபிரகாம் ஐசக் குக் அவர்கள், இறைச்சி உண்ணும் அனுமதி மனித இனத்தின் தளர்ச்சியைக் கருதி அளிக்கப்பட்ட இடைக்காலச் சலுகையே என்றும், அதைச் சூழ்ந்த கட்டுப்பாடுகள் மனிதனைச் சிறிது சிறிதாகக் கருணையின்பால் திருப்புவதற்கே என்றும் விளக்கினார். 1978இல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஐசக் பஷேவிஸ் சிங்கர் தம் வாழ்வின் பிற்பகுதி முழுவதும் சைவராகவே வாழ்ந்தார். ஆகவே, விதிக்குள்ளும் இரக்கம் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டுமல்லவா? இரக்கம் என்று நாம் பெயரிட்டதற்குள் வேறு ஏதேனும் உறங்கிக்கொண்டிருக்கிறதா?

மகளின் வீட்டிற்கு அடுத்த வீட்டில் முதிய யூதத் தம்பதியர் வாழ்ந்தனர். முதியவர் பள்ளி ஆசிரியராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; ஆகவே வேலிக்கு அப்பாலும் இப்பாலுமாக நின்று எங்கள் பேச்சு நாள்தோறும் வளர்ந்தது. ஒரு வாரம் அவர் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பினார். என் துணைவியார் நம்மூர் வழக்கப்படி பருப்பும் முருங்கைக்காயும் இட்டுச் சாம்பார் வைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு சென்றார். நானும் உடன் சென்றேன். பால் இல்லை, இறைச்சி இல்லை, முட்டையும் இல்லை. உலகில் இதைவிடத் தூய உணவு ஏது என்பது என் எண்ணம்.

அம்மையார் கதவைத் திறந்தார். பாத்திரத்தைப் பார்த்தார். முகத்தில் மகிழ்ச்சியும் வருத்தமும் ஒருங்கே தோன்றின. பின்னர் மிக மென்மையாகச் சொன்னார். எங்கள் அன்பை ஏற்றுக்கொள்வதாகவும், ஆனால் அதை உண்ண இயலாது என்றும் சொன்னார். உணவில் குற்றமில்லை, அது வெந்த பானை அவர்தம் சட்டத்திற்கு உட்பட்டதன்று, அடுப்பில் சமைப்பதில் யூதர் ஒருவரின் பங்கும் இருக்க வேண்டும் என்பது அவர்தம் மரபு. நாங்கள் பாத்திரத்தோடு திரும்பினோம்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஐம்பது ஆண்டுகளில் முதன்முறையாக, என் கைபட்ட உணவு இன்னொருவர் வீட்டு வாசலைத் தாண்ட இயலாமல் நின்றது. அவமதிக்கப்பட்டதாகவே உணர்ந்தேன். துணைவியாரோ சற்றும் கலங்கவில்லை. "நம் வீட்டுத் தீபாவளித் திறந்த இல்லத்திற்கு வரும் மலாய் ஆசிரியைகளுக்குத் தனியாக ஹலால் உணவு வரவழைத்துக் காகிதத் தட்டில் தருகிறோமே, அப்போது நீங்கள் வருந்தினீர்களா?" என்று கேட்டுவிட்டு உறங்கிப்போனார். எனக்கு அவ்விடை போதவில்லை. ஏனெனில் என் உறக்கத்தைக் கெடுத்தது அம்மையாரின் மறுப்பு அன்று. அம்மறுப்பு எழுப்பிவிட்ட இரண்டு நினைவுகள்.

முதலாவது என் பாட்டியாரைப் பற்றியது. எங்கள் லயத்திற்கு எதிர் லயத்திலிருந்து வேலைக்கு வருவோர் தண்ணீர் கேட்டால், பாட்டியார் கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கொடுப்பார். வீட்டுச் செம்பு அவர்கள் கைக்குப் போகாது. எல்லாரும் அதே இரப்பர் மரத்தைச் சீவியவர்கள். அதே கப்பலில் வந்தவர்களின் மக்கள். ஆயினும் கொட்டாங்கச்சி தனியாகவே தொங்கியது. பாட்டியாரிடம் காரணம் கேட்டால், "நாம் சைவம்" என்பார்.

இரண்டாவது நினைவு என்னைப் பற்றியது. ஆசிரியப் பயிற்சி முடித்துத் தமிழ்ப்பள்ளியொன்றில் பணியேற்ற புதிதில், உயிர்க்கொலை தவறு என்பதை மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும் என்னும் ஆர்வம் என்னிடம் மிகுந்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் புலால் உணவு கொண்டுவரும் பிள்ளைகள் சிற்றுண்டிக் கூடத்தில் மற்றவரோடு அமராமல், வெளியே மரத்தடிப் பலகையில் அமர்ந்து உண்ண வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். அடிக்கவில்லை, கடிந்து பேசவுமில்லை, இடத்தை மட்டும் மாற்றினேன். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் அடிக்கடி முதல்நாள் கருவாட்டுக் குழம்பையும் சோற்றையும் கொண்டுவருவான். வீட்டில் அதுதான் இருக்கும். சில வாரங்களில் அவன் வெள்ளிக்கிழமைகளில் உணவே கொண்டுவருவதை நிறுத்திவிட்டான். குழாயடியில் தண்ணீரைக் குடித்துவிட்டு வகுப்பிற்குத் திரும்பிவிடுவான். "பசிக்கவில்லை சார்" என்பான். நானும் அதை நம்பினேன். நம்புவது எளிதாக இருந்தது. என் பாடம் வெற்றி பெற்றது என்றுகூட எண்ணினேன்.

மீனின் உயிருக்கு இரங்கிய நான், ஒரு சிறுவனின் பசிக்கு இரங்கவில்லை. பாட்டியாரின் கொட்டாங்கச்சியை நான் எடுத்து எறியவில்லை. மரத்தடிப் பலகையாக மாற்றி வைத்திருந்தேன். இதை உணர்வதற்கு, கடல் கடந்து சென்று, என் சாம்பாரோடு ஒரு வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

ஆனால் எல்லா விலக்கும் ஒன்றே என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் பிழை என்பதை அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு உணர்த்திற்று. தம்பதியர் எங்களை ஓய்வுநாள் விருந்துக்கு அழைத்தனர். டிசம்பர் மாதத்து இலண்டனில் நான்கு மணிக்குமுன்னரே கதிரவன் மறைந்துவிடுகிறான்; அதற்குள் சமையல் அனைத்தும் முடிந்துவிட வேண்டும். அம்மையார் எங்களுக்கெனவே அவரையும் வாற்கோதுமையும் இட்ட குழம்பை இறைச்சியில்லாமல் சமைத்திருந்தார். மேசையில் துணி போர்த்திய இரண்டு பின்னல் ரொட்டிகள் இருந்தன. முதியவர் வாழ்த்துரைத்து ரொட்டியைப் பிட்டு நீட்டினார். அதில் முட்டை சேர்க்கப்பட்டிருக்குமோ என்னும் ஐயம் எனக்கு.

வாசகர் இவ்விடத்தில் தம்மை வைத்து எண்ணிப் பார்க்கவும். வாங்கி உண்டால், கொண்ட நோன்பு கெடும். மறுத்தால், நோயிலிருந்து எழுந்த முதியவர் தம் கையால் பிட்டுத் தந்ததை மறுத்தவன் ஆவேன். வாங்கி மறைத்துவிட்டால் இரண்டிற்கும் மேலாகப் பொய்யும் சேரும். நான் உண்மையைக் கேட்டேன். அம்மையார், ஆம், முட்டை உண்டு என்றார். என்னால் உண்ண இயலாமைக்கு வருந்துகிறேன் என்றேன்.

அவர்கள் முகத்தில் சிறிதும் வாட்டமில்லை. முதியவர் சிரித்தார். அம்மையார் விரைந்து உள்ளே சென்று, பாஸ்காவில் எஞ்சியிருந்த புளிப்பில்லா அப்பப் பெட்டியைக் கொண்டுவந்தார். மாவும் நீரும் மட்டுமே அதில் உண்டு. நீர் பட்ட பதினெட்டு நிமிடத்திற்குள் சுட்டு எடுக்க வேண்டும் என்பது விதி. அதை நான் உண்டேன். அடிமைத்தனத்திலிருந்து புறப்பட்டவர்கள் மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமின்றிச் சுட்ட அப்பத்தின் நினைவே அது என்று முதியவர் விளக்கினார். அதற்குப் பிந்திய ஞாயிறன்று அவர்கள் எங்கள் வீட்டிற்கு வந்தனர். வெட்டாத முழுக் கனிகளைக் காகிதத் தட்டில் வைத்தோம். அவற்றிற்கு எங்கள் பானையும் அடுப்பும் தடையில்லை. தாமே தோலுரித்து, எங்களோடு அமர்ந்து, வயிறார உண்டனர்.

அன்று நான் கண்ட வேறுபாடு இதுதான். அம்மையாரின் விதி முதலாவதாக அவரையே கட்டுகிறது. அதன் சுமையை அவரே சுமக்கிறார். என் உணவை ஏற்க இயலாதபோது அவர் வருந்தினார்; வேறு வழியில் என்னோடு அமர முயன்றார். பாட்டியாரின் கொட்டாங்கச்சியோ எதிரிலிருப்பவரைக் கட்டியது. சுமை முழுவதும் அடுத்தவர் தலையில். வருத்தம் பாட்டியாருக்குச் சிறிதும் இல்லை. என் மரத்தடிப் பலகையும் அவ்வாறே. நோன்பு என்னுடையது, பட்டினி அச்சிறுவனுடையது.

இங்கு ஒரு தடை எழலாம். பிற இனத்தார் சமைத்ததை விலக்கும் மரபு, அவரோடு கலந்து கரைந்துவிடாதிருக்கவும் ஏற்பட்டதுதானே, அதுவும் பிரிவினைதானே என்று கேட்கலாம். அது முற்றிலும் பொய்யன்று. அம்மரபிற்கு அத்தகைய நோக்கமும் உண்டு என்பதை அவர்தம் அறிஞரே சொல்வர். நான்கு திசையிலும் சிதறி, சென்ற இடமெல்லாம் சிறுபான்மையாய் வாழ்ந்த ஓர் இனம் தன்னைக் காத்துக்கொள்ளப் போட்ட வேலி அது. காத்துக்கொள்ளும் வேலிக்கும் அடக்கி வைக்கும் வேலிக்கும் வேற்றுமை உண்டு. எனினும் வேலி வேலிதான். அது மதிலாகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் கடமை, அதன் உள்ளே நிற்பவருக்கே உரியது. அத்தம்பதியர் அதைச் செய்தனர். என் வேலியை மதிலாக்கியவன் நான்.

வடலூரில் 1867ஆம் ஆண்டில் சத்திய தருமச்சாலையை நிறுவிய வள்ளற்பெருமான், புலால் மறுத்தலைத் தம் நெறியின் உயிராகக் கொண்டவர். அவரே பசித்து வருவோரைச் சாதி, சமயம் பாராது உண்பிக்க அடுப்பை மூட்டினார். கொல்லாமையையும் பசி நீக்கலையும் அவர் சீவகாருணியம் என்னும் ஒரே சொல்லால் சுட்டியதன் பொருளை, நான் மாணவர்க்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். விளங்கிக்கொண்டேன் என்று சொல்ல இயலவில்லை.

இன்று நான் பொறுப்பு வகிக்கும் பள்ளியில் மரத்தடிப் பலகை இல்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் என் நனிசைவச் சோற்றுப் பொட்டலத்தோடு சிற்றுண்டிக் கூடத்தில், பிள்ளைகளின் நடுவே அமர்ந்து உண்கிறேன். என் இலையில் இருப்பதைப் பற்றி அவர்கள் கேட்டால் சொல்கிறேன். வைக்கோல் கன்றைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். கேட்காவிட்டால் சொல்வதில்லை. என் கொள்கையில் அணுவளவும் தளரவில்லை. அதன் சுமையை என் தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

அந்த நான்காம் ஆண்டு மாணவன் இப்போது வளர்ந்து, எங்கள் வட்டாரத்தில் லோரி ஓட்டுகிறான். கடைத்தெருவில் கண்டால் வண்டியை ஓரம் கட்டி இறங்கி, இரு கை கூப்பி வணங்குவான். இலண்டனிலிருந்து திரும்பியபின் ஒருநாள் அவனை நிறுத்தி, அந்த வெள்ளிக்கிழமைகளைப் பற்றிப் பேசி, மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் நினைவில்லை சார்" என்றான். "பசிக்கவில்லை சார்" என்று அன்று சொன்ன அதே குரல்தான். இம்முறை நான் அதை நம்பவில்லை.

எதை உண்ணலாகாது என்று நமக்கு நாமே விதித்துக்கொள்வது நல்லறம். ஆனால் அவ்விதியை இயற்றிய கையாலேயே பக்கத்தில் ஓர் இலையையும் போட்டு வைக்க வேண்டும். அவ்விலையில் அமர வருபவர் நாம் உண்ணாததை உண்பவராகவும் இருக்கலாம். நாம் தருவதை உண்ண இயலாதவராகவும் இருக்கலாம். கனியாயினும் அப்பமாயினும், இருவர்க்கும் பொதுவான ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் உழைப்பே உடனுண்ணும் அறம். அவ்வுழைப்பிற்கு அஞ்சுகின்றவன், எத்தனை உயிர்க்கு இரங்கினாலும், இரக்கத்தின் பாதி வழியிலேயே நின்றுவிட்டவன்.